மெயில் விரதம்

கார்ப்பெட் கடையின் மாடியில் அருள் பொழிகிறது என்ற செய்தி நகரத்துப் பல்கலைக்கழகங்கள் முழுவதும் பரவ ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை. பாடம் பரவுவதற்குத்தான் வருடக்கணக்கில் ஆகும். அருள் வாட்ஸப்பில் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவுக்கு வந்தால் நீங்களே பார்க்கலாம். கடைக்குப் பக்கவாட்டில் குறுகலான ஓர் இரும்புப் படிக்கட்டு. படிக்கு ஒரு முதுகலைப் பட்டம் நின்றுகொண்டிருக்கும். சூப்பர் மார்க்கெட் ஏப்ரனைக் கழற்ற நேரமில்லாமல் ஓடி வந்த புள்ளியியல், காவலாளி உடுப்போடு இயந்திரப் பொறியியல், ஹோட்டலில் பாத்திரம் கழுவிக் கை ஊறிப்போன பொருளாதாரம். எல்லோர் கையிலும் பாஸ்போர்ட். எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி. விசா வருமா?

விஷயம் இதுதான். கடல் கடந்து வந்து படித்த படிப்பு முடிந்துவிட்டது. மாணவர் விசாவும் முடியப்போகிறது. இனியும் இந்த நாட்டில் இருந்து வேலை பார்க்க வேண்டுமென்றால், படித்து முடித்தவர்களுக்கென்று இருக்கிற வேலை விசாவை வாங்க வேண்டும். அதற்கான விதிகள் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. படிப்பில் தேறியிருக்க வேண்டும். பழைய விசா முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். குடியேற்றத் துறை ஏதாவது காகிதம் கேட்டு மெயில் அனுப்பினால், கெடு முடிவதற்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தவர்களில் அனேகமாக எல்லோருக்கும் விசா வந்திருக்கிறது. என்ன, முடிவு வருவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அந்தச் சில வாரங்களில்தான் பிள்ளைகளுக்குத் தூக்கம் போகிறது. அந்தச் சில வாரங்களில்தான் முத்திரைச் சாமிக்குப் பிழைப்பு நடக்கிறது.

முத்திரைச் சாமியும் ஒரு காலத்தில் மாணவராக வந்தவர்தான். படித்தது ஹோட்டல் நிர்வாகம். வருகிறவர்களை உட்காரவைத்து, இல்லாத பசியை உண்டாக்கி, கேட்காததைத் தட்டில் வைத்துக் கட்டணம் வாங்குவது எப்படி என்பதை அங்கேதான் கற்றார். இப்போது மஞ்சள் சால்வை, நரைக்க அவசரப்பட்ட தாடி, எதிரே ஒரு தீபம். பக்தருடைய பாஸ்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தீபத்தை உற்றுப் பார்த்து, 'முத்திரை விழும்' என்பார். விழும். அதனால்தான் அந்தப் பெயர். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம் பார்த்து ஒருவர் கையை உயர்த்தி, 'மணியே, அடி' என்றால் நாம் சிரிப்போம். குடியேற்றத் துறை விஷயத்தில் யாரும் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள்.

விசா வராமல் போனவர்களும் சிலர் உண்டு. அவர்களுக்கும் சாமியிடம் பதில் இருந்தது. விரதத்தில் குறை.

சோற்றை விடுகிற விரதமாக இருந்தால் பரவாயில்லை, உடம்பாவது இளைக்கும். இது மெயில் விரதம். விண்ணப்பித்த நாளிலிருந்து முடிவு வரும்வரை பக்தர் தன் மெயிலைத் திறக்கவே கூடாது. ஆசையோடு எட்டிப் பார்க்கிற கண்ணுக்குக் கெட்ட செய்திதான் முதலில் ஓடி வருமாம். மனித மனம் சபலம் நிறைந்தது என்பதால் கடவுச்சொல்லைச் சீடரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர் அதை வேறு சொல்லாக மாற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்வார். சீடர் வேறு யாருமில்லை, சாமியினுடைய மனைவியின் தம்பி. அறை மூலையில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் அவர், அவர் மடியில் ஒரு லேப்டாப். தீபத்தில் எல்லாம் தெரிகிறவருக்கு லேப்டாப் எதற்கு என்று அத்தனை பட்டதாரிகளில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சீடர் அவ்வப்போது திரையை விலக்கிக்கொண்டு வெளியே வருவார். தீபத்தின் திரியைத் தூண்டுவார். தூண்டும்போது சாமியின் காதருகே ஏதோ மந்திரம் சொல்லுவார். பிறகு உள்ளே போய்விடுவார். திரி தூண்டியதும் சாமிக்குப் பார்வை தெளிவாகிவிடும்.

விசா மட்டுமா? பக்தர்களின் வீட்டு விஷயமெல்லாம் அந்தத் தீபத்தில் தெரிந்தது. அதைக் கேட்டுத்தான் கூட்டம் சொக்கிப்போனது.

இந்தக் கூட்டத்தில் மாப்பிள்ளை என்று ஒருவன். ஒரே வீட்டை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு இருக்கும் பிரம்மச்சாரிகளுக்கு நடுவே கல்யாணமானவன் அவன் ஒருவன்தான் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் மனைவி எல்லோருக்கும் அக்கா. மாப்பிள்ளை படித்தது சைபர் பாதுகாப்பு. அவனுடைய ஆய்வேட்டின் பொருள், மக்கள் தங்கள் கடவுச்சொல்லை அந்நியர்களிடம் ஏன் கொடுத்துவிடுகிறார்கள் என்பது. பேராசிரியர்கள் பாராட்டினார்கள். சிறப்பு மதிப்பெண் கிடைத்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த அடுத்த வாரம் அவன் தன் கடவுச்சொல்லைச் சீடரிடம் கொடுத்தான். மரியாதைக்காக இரண்டு கைகளாலும் கொடுத்தான்.

அக்கா கணக்கில் பட்டம் வாங்கியவள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ரொட்டித் தொழிற்சாலையில், வெட்டிய ரொட்டியை உறையில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குத் துணை ஆசிரியை வேலை கிடைத்தது. அடுத்த பருவம் தொடங்கும்போது வந்து சேரலாம் என்று தலைமையாசிரியை போனில் சொன்னார். ஒரே நிபந்தனைதான், விசா இருக்க வேண்டும். அவளுடைய விசா கணவனுடைய விசாவோடு முடிச்சுப் போட்டது. அவனுக்கு வந்தால் அவளுக்கும் உண்டு. அவனுக்கு இல்லையென்றால் இரண்டு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். போனை வைத்துவிட்டு அவள் மாவுக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. அது இவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை முகம் வெளுத்துப்போய் வீட்டுக்கு வந்தான். தீபத்தில் தடை தெரிகிறதாம். ஒரு வாசலில் ஒருவன் கையை நீட்டி ஏதோ காகிதம் கேட்டுக்கொண்டு நிற்கிறானாம். அவன் வழிவிடாமல் முத்திரை விழாதாம். பெரிய பரிகாரம் செய்ய வேண்டுமாம். காணிக்கையும் பரிகாரத்தின் அளவுக்கே பெரியது.

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். காகிதம் கேட்கிறானா, என்ன காகிதம் என்று கேட்டாள். அது தெய்வ பாஷை, நேரடியாக அர்த்தம் பண்ணக் கூடாது என்றான் கணவன். ஒருவேளை குடியேற்றத் துறைதான் காகிதம் கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறதோ, ஒரு தடவை திறந்து பாருங்கள் என்றாள். அவன் காதைப் பொத்திக்கொண்டான். மறுநாள் அவளே குடியேற்றத் துறைக்குப் போன் செய்தாள். விண்ணப்பித்தவர்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விண்ணப்பித்தவர் விரதத்தில் இருந்தார்.

அவன் அசந்த நேரத்தில் போனை எடுத்து, கடவுச்சொல்லை மாற்றி, மெயிலைத் திறந்துவிடலாமா என்று அவளும் யோசித்தாள். நன்றாக யோசித்தாள். அப்படித் திறந்த பிறகு விசா கிடைத்தால், சாமி புண்ணியம் என்பான். கிடைக்காவிட்டால், நீதான் விரதத்தைக் கெடுத்தாய் என்று சாகும்வரை சொல்லிக் காட்டுவான். இரண்டிலும் சாமிக்கு நஷ்டமில்லை. அதனால் அந்த எண்ணத்தை விட்டுவிட்டாள். ஆனால் அந்தக் காகிதத்துக்கு என்றைக்குக் கெடு என்பது தெரியாமல் அவள் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டி உறையை மூடும்போது வேலை கைக்குத்தான், தலை சும்மா இருக்கும். சாமி இதுவரை சொன்ன ஒவ்வொன்றையும் அவள் நினைத்துப் பார்த்தாள். கீழ் அறைக்காரனிடம், காலுக்கு உரிய ஒரு பொருள் உன்னைத் தேடி வருகிறது என்றார். ஷூ வந்தது. அதை வாங்கியவனே அவன்தான், ரசீது மெயிலில் வந்திருக்கும். மாடி அறைக்காரனிடம், ஒரு பெண் மனசு மாறிவிட்டாள் என்றார். மாறித்தான் இருந்தாள், அதையும் விவரமாக மெயிலில் எழுதியிருந்தாள். மாப்பிள்ளையிடம், உன் வீட்டு வெளிச்சத்துக்கு ஆபத்து என்றார். அவன் பதறிக்கொண்டு வந்து மனைவிக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கரண்ட் பில் பாக்கி.

சரி, சாமி சொல்லாதது எது? அவளுடைய அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. அது போனில் வந்த செய்தி, தீபத்தில் தெரியவில்லை. பள்ளிக்கூட வேலை கிடைத்தது. அதுவும் போனில் வந்ததுதான், தெரியவில்லை. குளியலறைக் குழாய் உடைந்து வீடே குளமானது. அன்றைக்கு மாப்பிள்ளை முழங்கால்வரை நனைந்த பேண்டோடுதான் சாமி எதிரில் போய் உட்கார்ந்தான். அது தீபத்திலும் தெரியவில்லை, சாமியின் கண்ணுக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கணவனிடம் நிதானமாகக் கேட்டாள்.

"என்னங்க, மெயில்ல வந்த விஷயம் மட்டும்தான் அந்த விளக்குல தெரியுது. போன்ல வந்தது எதுவுமே தெரியல. ஏன்னு யோசிச்சீங்களா?"

மாப்பிள்ளை யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், முகத்தில் தெரிந்தது.

"போன் அலை வேற, மெயில் அலை வேறம்மா," என்றான்.

சைபர் பாதுகாப்பில் சிறப்பு மதிப்பெண் வாங்கியவரின் விளக்கம் இது. பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

இனிப் பேசிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் தொழிற்சாலையில் டீ குடிக்க விட்ட நேரத்தில், தன் போனில் புதிதாக ஒரு மெயில் முகவரி உண்டாக்கினாள். அதிலிருந்து கணவனுக்கு ஒரு மெயில் எழுதினாள். எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு அனுப்பினாள். கணவனிடம் மூச்சு விடவில்லை. அவனிடம் சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் அவனோடு கிளம்பினாள். மனைவிக்கும் பக்தி வந்துவிட்டது என்று மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். படிக்கட்டில் அவர்களுக்கு முன்னால் சிவப்பு ஜாக்கெட் நின்றுகொண்டிருந்தான். சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன், எப்போதும் கம்பெனி கொடுத்த அந்தச் சிவப்பு ஜாக்கெட்தான். அவனுக்கு விசா மறுக்கப்பட்டுவிட்டது. போன மாதம் சாமியே தீபத்தில் பார்த்துச் சொன்னார். ஏன் மறுத்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது, ஆனால் யார் தப்பு என்று தெரியும். விரதம் ஆரம்பித்த புதிதில், கடவுச்சொல்லை ஒப்படைப்பதற்கு முன்னால், பஸ் நிறுத்தத்தில் கை தவறி மெயிலைத் திறந்துவிட்டான். சாக்ஸ் விளம்பரம் ஒன்றைப் பார்த்தான். அந்தப் பாவத்தைச் சாமியிடம் ஒப்புக்கொண்டும்விட்டான். இப்போது நாட்டை விட்டுப் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. பாவம் கழிய மறுபடியும் விரதம் இருக்கிறான், அதற்கும் காணிக்கை கட்டியிருக்கிறான். "என் புத்திதான்க்கா," என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டான். அவள் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

மாடி அறையில் கார்ப்பெட் கடைக்காரர் கழித்துப் போட்ட சாம்பிள் துண்டுகள்தான் ஆசனம். கட்டம் போட்டது, பூப் போட்டது, கறை பட்டது என்று ஆளுக்கொரு துண்டு. பசை வாடையும் ஊதுவத்தி வாடையும் கலந்து தலையைச் சுற்றியது. பக்தர்கள் அந்தச் சுற்றலையும் அருள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

முதலில் ஒருவனைக் கூப்பிட்டு, 'உன் மெயிலைத் திற, முத்திரை விழுந்துவிட்டது' என்றார் சாமி. சீடர் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தார். அவன் திறந்தான். விசா வந்திருந்தது. அறை அதிர்ந்தது. அவன் சாமி காலில் விழுந்தான். அந்த மெயில் வந்து சேர்ந்த தேதியைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. படித்த மெயிலைப் படிக்காதது போல் மாற்றி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது என்பதும் நினைவுக்கு வரவில்லை. பொறியியல் படித்தவன்.

அடுத்தது மாப்பிள்ளை. உட்கார்ந்தான். சீடர் வெளியே வந்து திரியைத் தூண்டினார். இந்த முறை கொஞ்சம் அதிக நேரம் தூண்டினார். சாமியின் முகத்தில் துயரம் படர்ந்தது.

"மகனே, மனச திடப்படுத்திக்க. உன் குடும்பத்துல மூத்த ஆம்பளை ஒருத்தர். உங்க அப்பாவுக்கும் மேல. பெரியப்பா."

பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏணி தெரியுது. பக்கத்துல தண்ணித் தொட்டி. ஏணி சரியுது. வலது காலு..." சாமி கண்ணை மூடிக்கொண்டார். "எலும்பு முறிஞ்சிருக்கு. உங்க அப்பாகிட்டகூட சொல்லாம மறைக்கிறாரு, பாவம். உன் விசாவுக்குத் தடையா நிக்கிற கிரகம்தான் அங்கயும் போய் அடிச்சிருக்கு. இன்னிக்கே பரிகாரம் பண்ணிடணும்."

மாப்பிள்ளையின் கண்கள் கலங்கின. கண்ணீர் கன்னத்தில் வழியவும் செய்தது. பக்கத்தில் இருந்தவன் முதுகைத் தடவிக் கொடுத்தான். அப்போது பின்னால் இருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, உங்களுக்கு ஏது பெரியப்பா?"

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். அவன் அப்பா வீட்டுக்கு மூத்த பிள்ளை. அம்மாவும் அவள் வீட்டில் மூத்தவள். சித்தப்பாக்கள் இருக்கிறார்கள், அத்தைகள் இருக்கிறார்கள், சித்தி இருக்கிறாள். சித்தப்பா, சித்தி பிள்ளைகளுக்கெல்லாம் பெரியப்பா அவனுடைய அப்பாதான். அவனுக்கென்று ஒரு பெரியப்பா வருவதற்கு வழியே இல்லை.

"இல்லதான்," என்றான். "ஆனா சாமி சொல்றாரேம்மா."

இந்த வாக்கியத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எல்லாப் பல்கலைக்கழக வாசலிலும் மாட்டலாம்.

சாமி லேசில் விடுகிறவரா? ஒன்றுவிட்ட பெரியப்பாவாக இருக்கும் என்றார். கூட்டம் மூச்சு விட்டது. ஒன்றுவிட்ட பெரியப்பா யாருக்குத்தான் இல்லை? அக்கா எழுந்து முன்னால் வந்தாள். கால் முறிந்தது நிச்சயம்தானா என்று பணிவாகக் கேட்டாள். தீபம் பொய் சொல்லாது என்றார் சாமி. ஏணியும் தண்ணீர்த் தொட்டியும் நிச்சயமா என்றாள். கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார் சாமி. அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டு, அவள் தன் போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"அன்புள்ள மகனுக்கு, பெரியப்பா எழுதுவது. தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஏணியில் ஏறினேன். ஏணி சரிந்து வலது கால் முறிந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். உன் அப்பாவிடம் சொல்லாதே, கவலைப்படுவான். இப்படிக்கு, உன் பெரியப்பா."

வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இத நான்தான் எழுதினேன். ரொட்டிக் கம்பெனில டீ குடிக்கிற நேரத்துல. இவரோட மெயிலுக்கு அனுப்பினேன். வேற ஒரு உசுருக்கும் சொல்லல. அந்த மெயில தொறக்கற கடவுச்சொல் இவர்கிட்ட இல்ல. யார்கிட்ட இருக்குன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்."

போனை முன்வரிசையில் இருந்தவனிடம் கொடுத்தாள். அது கைக்குக் கை மாறியது. அனுப்பிய தேதி, அனுப்பிய முகவரி, பெரியப்பா, ஏணி எல்லாம் இருந்தன. ஒருவன் அப்போதும் விடவில்லை. தெய்வத்தைச் சோதிக்கலாமா அக்கா, அது தப்பில்லையா என்று கேட்டான். சாமி அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குரலை உயர்த்தினார்.

"தெய்வத்த சோதிச்சவங்க உருப்பட்டதா சரித்திரம் இல்ல."

"நான் தெய்வத்த சோதிக்கல சாமி," என்றாள் அவள். "உங்க மச்சானத்தான் சோதிச்சேன்."

சிவப்பு ஜாக்கெட் எழுந்து போய்த் திரையை விலக்கினான். சீடர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். மடியில் லேப்டாப், அதன் திரையில் பெரியப்பாவின் மெயில். அதற்கு மேலே வரிசையாக மற்றவர்களின் மெயில் பெட்டிகள், பக்தர் பக்தராகத் திறந்து கிடந்தன. சீடர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். இதற்குமேல் மந்திரம் எதுவும் வரவில்லை.

பிறகு நடந்ததைக் கலவரம் என்று சொல்ல முடியாது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. சீடரைச் சுற்றி நின்று ஆளுக்கொரு கடவுச்சொல்லாகத் திரும்ப வாங்கினார்கள். அவரவர் துண்டில் போய் உட்கார்ந்து அவரவர் மெயிலைத் திறந்தார்கள். நல்ல செய்தி வந்து பழசாகிப்போனதைப் பார்த்துச் சிலர் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் விழித்தார்கள். மாப்பிள்ளையின் பெட்டியில் குடியேற்றத் துறையின் மெயில் இருந்தது. பல்கலைக்கழகம் கொடுத்த படிப்பு நிறைவுக் கடிதத்தை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கெடு மறுநாள் முடிகிறது. வாசலில் கையை நீட்டி நின்றவன் யார் என்று அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. அந்தக் கடிதம் அவன் போனிலேயே இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அங்கேயே அனுப்பினான். கடைசிப் பொத்தானை மனைவிதான் அழுத்தினாள். அழுத்திவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு தடவை பார்த்தாள்.

சிவப்பு ஜாக்கெட்டின் பெட்டியிலும் அப்படி ஒரு மெயில் இருந்தது. சொந்த ஊர்க் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று கேட்டிருந்தார்கள். கொடுக்காததால் நினைவூட்டல் ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். அப்போதும் பதில் இல்லாததால் மறுத்துவிட்டார்கள். அந்தச் சான்று அவனிடம் இருந்தது. இங்கே வந்திறங்கிய நாளிலிருந்து, பெட்டியில் சட்டைகளுக்கு அடியில்தான் இருந்தது. கேட்டிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சாமி சொல்லவில்லை. காகிதத்தை அனுப்பு என்று சொல்லிவிட்டால் அது வெறும் ஆலோசனை. தடை என்று சொன்னால்தான் பரிகாரம், பரிகாரம் என்றால்தான் காணிக்கை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை கூசுகிறது. ஒரு பிள்ளையின் வருங்காலத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, படிக்காதது போல் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

அவன் கத்தவில்லை. சாமிக்கு எதிரே போய்த் தன் துண்டைப் போட்டு உட்கார்ந்தான்.

"சாமி, நீங்களும் எங்கள மாதிரி படிக்கத்தான வந்தீங்க. உங்களுக்கு விசா வந்துச்சே, அதுக்கு என்ன விரதம் இருந்தீங்க?"

சாமி சால்வையைச் சரிசெய்துகொண்டார். வாசலைப் பார்த்தார். வாசலில் பட்டதாரிகள் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"வக்கீல் வெச்சேன்," என்றார்.

அவர் இத்தனை காலத்தில் சொன்ன ஒரே பயனுள்ள அருள்வாக்கு அதுதான். அதற்கு யாரும் காணிக்கை வைக்கவில்லை. மற்றவர்களின் மெயிலைத் திறப்பது இந்த நாட்டிலும் குற்றம் என்பதால், அடுத்த வாரம் அவருக்கு இன்னொரு வக்கீலும் தேவைப்பட்டார். சீடர் தனக்குத் தனியாக ஒருவரை வைத்துக்கொண்டார். தீபத்தின் மேல் குடும்பத்துக்குள்ளேயே அவ்வளவு நம்பிக்கை.

மாப்பிள்ளைக்கு விசா வந்தது. கேட்டதைக் கொடுத்தால் வரும் என்று விதியிலேயே இருக்கிறது, வந்தது. அக்காவுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. சிவப்பு ஜாக்கெட்டின் மேல்முறையீட்டுக்குக் காலம் கடந்துவிட்டது. அவன் ஜாக்கெட்டைத் துவைத்து மடித்துக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனான். அறைக்காரர்கள் எல்லோரும் வழியனுப்பப் போனார்கள். சாக்ஸ் விளம்பரத்துக்காகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்த நாட்களைத்தான் தாங்க முடியவில்லை என்று அக்காவிடம் சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விமானம் போன பிறகும் வெகு நேரம் கண்ணாடியோரம் நின்றாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் மனிதகுலத்துக்குப் பெருமை. முடியவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கதவைத் திறந்தபோது, வாசலில் தொடங்கித் தெருமுனைவரை வரிசை நின்றது. எல்லோர் கையிலும் பாஸ்போர்ட். சாமியையே ஜெயித்த கை அக்காவுடையது, அந்தக் கையால் தொட்டுக் கொடுத்தால் போதும் என்று கார்ப்பெட் கடை மாடியில் பேசி முடிவெடுத்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை உள்ளே போய் நாற்காலிகளை எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டான்.

அவள் நாற்காலிகளைத் திரும்ப உள்ளே வைக்கச் சொன்னாள். படித்துத் தேறியிருக்கிறீர்களா, தேதிக்குள் விண்ணப்பித்தீர்களா, கேட்ட காகிதத்தைக் கொடுத்தீர்களா என்று வரிசையைப் பார்த்துக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். அப்படியானால் வரும், வீட்டுக்குப் போய் மெயிலைப் பாருங்கள் என்றாள். யாரும் நகரவில்லை. முன்னால் நின்ற புள்ளியியல் முதுகலை தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சரிக்கா, பாக்கறோம். எந்தத் திசைய பாத்து உக்காந்து பாக்கணும்?"

அக்கா கதவைச் சாத்தக் கை வைத்தாள்.

"எந்தத் திசையா இருந்தாலும் சரி, தம்பி. மூளைய பட்டினி போடுற விரதத்த மட்டும் முதல்ல முடிச்சுட்டு உக்காருங்க."